77 கிலோ ரிசீவர்

குழு: நம்ம வீடு

அண்ணன் (பிலடெல்பியா), காலை 7:15: பெரியப்பா, ஒரு யோசனை கேட்கணும். பையன் பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் பெயர் கொடுத்தான். ரிசீவராக ஆடணுமாம். "உடம்பே இல்லையே, வேறு விளையாட்டு பாரேன்" என்று அங்கே ஒருவர் சொல்லிவிட்டார். வந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை.

சித்தி: ஐயோ, சாப்பிட்டானா?

அண்ணி: ரெண்டு தோசை உள்ளே கொடுத்து அனுப்பினேன் சித்தி. தட்டு காலியாகத்தான் வந்தது.

பெரியப்பா: எடை எவ்வளவு?

அண்ணன்: 44 கிலோ. வயது 14.

பெரியப்பா: ரிசீவருக்கு என்ன வேலை? எனக்குக் கபடியும் வாலிபாலும்தான் தெரியும். விவரமாகச் சொல்.

அண்ணன்: ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கணும். நேராக ஓடினால் எதிராளியும் ஒட்டிக்கொண்டே வந்துவிடுவான். அதனால் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கும் இவனும் ஒரு பாதையை முன்பே பேசி வைத்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு கஜம் முழு வேகத்தில் போய், சட்டென்று காலை ஊன்றி உள்பக்கம் வெட்டணும். இவன் திரும்புவதற்குள்ளேயே பந்து கிளம்பியிருக்கும்.

பெரியப்பா: அப்போ கை வேலை அப்புறம்தான். கால்தான் முதலில். ரைடர் கோட்டைத் தாண்டி உள்ளே போய்த் திரும்புகிற மாதிரி.

அண்ணன்: அதேதான். பையன் 6ஆம் எண் சட்டை ஒன்றைக் கழற்றாமல் போட்டுக்கொண்டு திரிகிறானே, அது டெவோன்டா ஸ்மித் சட்டை. இங்கே ஈகிள்ஸ் அணிக்கு ஆடுகிறார். ஆறடி உயரம், எடை சுமார் 77 கிலோ. மோத வருகிறவர்களில் பலர் நூறு கிலோவுக்கு மேல்.

சித்தி: அவ்வளவு ஒல்லியாகவா? அடிபடாதா?

அண்ணன்: அவர் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம். லூசியானாவில் அமீட் என்ற சின்ன ஊர்க்காரர். 2017இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் வருடம் முழுக்க அவர் பிடித்தது 8 பந்துதான். அதில் எட்டாவது எது தெரியுமா? 2018 ஜனவரியில் அட்லாண்டாவில் தேசிய இறுதிப் போட்டி. ஜார்ஜியாவோடு சமநிலையாகிக் கூடுதல் நேரம். ஜார்ஜியா 3 புள்ளி முன்னால். அலபாமாவின் முதல் முயற்சியிலேயே குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவாவை மடக்கி 16 கஜம் பின்னால் தள்ளிவிட்டார்கள். 10 கஜம் போக வேண்டிய இடத்தில் இப்போது 26 கஜம். அடுத்த பந்து இடது ஓரமாக 41 கஜம் பறந்தது. கீழே ஸ்மித். டச் டவுன், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது, அதற்கு 6 புள்ளி. 26-23, ஆட்டம் முடிந்தது.

பெரியப்பா: முதல் வருடப் பையனை நம்பியா எறிந்தார்கள்?

அண்ணன்: எறிந்தவரும் முதல் வருடம்தான். அப்புறம் 2019 முடிந்ததும் தொழில்முறை ஆட்டத்துக்கே போயிருக்கலாம். போகாமல் நாலாவது வருடமும் இருந்தார். அப்போது கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை விற்றுக்கூடக் காசு பார்க்க முடியாது, அந்த அனுமதி 2021 ஜூலையில்தான் வந்தது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அந்த முடிவால்தான். 2020இல் கூட ஆடிய ஜெய்லன் வாடிலுக்குக் கணுக்கால் போய்விட, சுமை இவர்மேல் விழுந்தது. 117 பந்து, 1,856 கஜம், 23 டச் டவுன். கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் கிடைத்தது. 1991இல் டெஸ்மண்ட் ஹோவர்டுக்குப் பிறகு எந்த ரிசீவருக்கும் கிடைக்காதது. ஆறு நாள் கழித்து ஒஹாயோ ஸ்டேட்டோடு இறுதிப் போட்டி. முதல் பாதியிலேயே 12 பந்து, 215 கஜம், 3 டச் டவுன். அப்புறம் விரல் பிசகி வெளியே வந்துவிட்டார். அதற்குள் ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

அண்ணி: விரல் மட்டுமா? 2024இல் தலையில் அடிபட்டு அடுத்த ஆட்டத்துக்கே வரவில்லை. டிவியில் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் தூங்கவே இல்லை. இதை யாரும் பையனிடம் சொல்வதில்லை.

அண்ணன்: அவள் சொல்வது நியாயம்.

பெரியப்பா: நியாயம்தான் அம்மா. மோதாமல் ஆடுகிற வகை ஏதும் உண்டா?

அண்ணன்: இருக்கு. ஃபிளாக் ஃபுட்பால். இடுப்புப் பட்டையில் நாடா தொங்கும், அதை எதிராளி உருவினால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும், மோதல் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

பெரியப்பா: இரண்டு வருடம் அதை ஆடட்டும். அதுக்குள்ளே உடம்பும் வளரும். நான் பி.டி. வாத்தியாராகச் சேர்ந்த புதிதில் கபடிக்கு ஆள் எடுத்தேன். ஒரு பையன், நெஞ்செலும்பு எண்ணலாம். ஓடவிட்டுக்கூடப் பார்க்காமல் "அடுத்த வருஷம் வா" என்றேன். அவன் வரவே இல்லை. மைதானத்து வேப்பமரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. உன் மகனைப் பார்க்காமலே ஒருவர் அனுப்பிவிட்டார் என்றால் எனக்கு மனசு கேட்கவில்லை.

சித்தி: அத்தானுக்கு இது இத்தனை வருஷமா மனசில் இருந்ததா?

பெரியப்பா: இருந்தது.

அண்ணன்: பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறான் பெரியப்பா. தாத்தாவுக்கு வீடியோ அனுப்பட்டுமா என்று கேட்கிறான். நாளைக்குச் சாயங்காலம் பின்புறப் புல்வெளியில் எடுக்கிறோம்.

பெரியப்பா: அனுப்பு. போனைத் தாழ்வாகப் பிடி, கால் தெரியணும். பந்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை.