ஏர் பிஸ்டல்: குண்டு எல்லாம் எட்டு மணிப் பக்கம் போகிறது, துப்பாக்கியை மாற்ற வேண்டுமா?

திருமங்கலம் ஷூட்டர்:
எல்லோருக்கும் வணக்கம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல், வலது கை, சுட ஆரம்பித்து ஒன்றரை வருஷம். கல்லூரி இரண்டாம் ஆண்டு. வாரத்தில் நாலு நாள் திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து மதுரைக்கு வந்து பயிற்சி எடுக்கிறேன். முதல் ஆறு மாதம் கிளப் துப்பாக்கிதான். அப்புறம் அப்பா ஒருவரிடம் பழைய ஸ்டையர் எல்பி10 பிஸ்டல் வாங்கிக் கொடுத்தார், மீடியம் கிரிப் (கைப்பிடி).

பிரச்சினை இதுதான். 60 குண்டுக்கு, 600-க்கு 540-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. முதல் இரண்டு சீரிஸ் (சீரிஸுக்குப் பத்து குண்டு) ஒழுங்காகப் போகும், பிறகு குண்டு எல்லாம் எட்டு மணிப் பக்கம், அதாவது கடிகார முள் கணக்கில் இடப்பக்கக் கீழே, இறங்க ஆரம்பிக்கும். குறிபார்க்கும் பின் சைட்டை வலப்பக்கமும் மேலேயும் திருகிப் பார்த்தேன், அப்படிச் செய்தால் நன்றாக விட்ட குண்டு இரண்டு மணிப் பக்கம் எட்டில் போய் உட்காருகிறது, கெட்டது மட்டும் நடுவில் விழுகிறது! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டிரிகர் கனமாக இருப்பதால்தான் இப்படி என்று நினைத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினேன், போன மாதம் ஒரு போட்டியில் டிரிகர் விதிப்படி தாங்க வேண்டிய 500 கிராம் எடையைத் தூக்கவில்லை என்று சோதனை மேஜையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கேயே ஸ்க்ரூவை இறுக்கி, உள்ளே போய்ச் சுட்டது 528.

தெரிந்த ஒருவர் எலக்ட்ரானிக் டிரிகர் உள்ளதை வாங்கச் சொல்கிறார். விலை இரண்டு லட்சத்துக்கு மேல். அப்பா அம்மாவின் நகையை வைத்தாவது வாங்கித் தருகிறேன் என்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது. மாற்றினால் சரியாகுமா?

மாட்டுத்தாவணி மன்னன்:
மொரினி பிஸ்டல் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். சிஎம் 162 எலக்ட்ரானிக் டிரிகர் கண்ணாடிச் சில்லு உடைவது மாதிரி விடும், இழுக்கிறோம் என்றே தெரியாது. நான் மாறிய பிறகு என் ஸ்கோர் எட்டுப் புள்ளி ஏறியது.

ஓய்வு ஏட்டு:
முதலில் நகையைப் பீரோவிலேயே வைக்கச் சொல்லும்மா. எட்டுப் புள்ளி ஏறிய தம்பி அந்த வருஷம் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

எனக்கு உன் விவரத்தில் உறுத்துவது ஒன்றுதான். துப்பாக்கி கெட்டிருந்தால் முதல் குண்டிலிருந்தே கெட்டிருக்க வேண்டும். இருபது குண்டுக்கு அப்புறம் கெடுவது, சைட்டைத் திருகியதும் நல்ல குண்டு எதிர்ப்பக்கம் போவது, இரண்டுமே கையைக் காட்டுகின்றன. சைட் சரியாகத்தான் இருந்தது, நீதான் அதை உன் தப்புக்கு ஏற்ப வளைத்துவிட்டாய். திருகியதை எண்ணி வைத்திருந்தால் அப்படியே திருப்பி விடு.

நாளைக்கு மூன்று காரியம் செய். உன் பயிற்சியாளரோ வேறு யாராவது நன்றாகச் சுடுபவரோ உன் துப்பாக்கியால், உன் குண்டால் 10 சுடட்டும். அவர் குரூப் (குண்டுக் கூட்டம்) ஒரே இடத்தில் விழுந்தால் துப்பாக்கிக்கு விடுதலை. அடுத்தது, நீ கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, மூச்சு அடங்கியதும் கண்ணைத் திற. முன் சைட் பின் சைட் பள்ளத்துக்கு நடுவில் தானாகவே நிற்கிறதா, இல்லை ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறதா என்று பார்த்துச் சொல். மூன்றாவது கொஞ்சம் குறும்பான சோதனை. துப்பாக்கியை வேறொருவர் லோடு செய்து உன் கையில் தரட்டும், சில தடவை குண்டு போட்டு, சில தடவை போடாமல், உனக்குத் தெரியாதபடி. குண்டு இல்லாத தடவையில் முன் சைட் எங்கே துள்ளுகிறது என்று பார். உன் குட்டு அங்கே வெளிப்பட்டுவிடும். துப்பாக்கி வாய் எப்போதும் டார்கெட் பக்கமே இருக்கணும், சொல்ல வேண்டியதில்லை.

பெல்லட் பித்தன்:
பெல்லட்டையும், அதாவது குண்டையும் பாருங்கள். 4.49, 4.50 மி.மீ. என்று தலை அளவு வித்தியாசம் இருக்கிறது, துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். துப்பாக்கியை அசையாமல் வைஸில் மாட்டிச் சோதிக்காமல் பேசுவது வீண்.

ஓய்வு ஏட்டு:
தம்பி, பத்தாம் வளையமே 11.5 மி.மீ. அகலம். தலை அளவு மாறினால் குரூப் கொஞ்சம் விரியும், இருபது குண்டுக்கு அப்புறம் எட்டு மணிக்குக் கூட்டம் கூட்டமாக இறங்காது. 570 சுடுபவருக்கு அது கவலை. ஒரே பிராண்டில் ஒரே டப்பா வரிசையாக வாங்கி வைத்துக்கொண்டால் இப்போதைக்குப் போதும்.

திருமங்கலம் ஷூட்டர்:
ஏட்டு ஐயா, சைட்டைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு மூன்றையும் செய்தேன்.

எங்கள் சார் சுட்ட 10 குண்டில் எட்டு பத்து, இரண்டு ஒன்பது. துப்பாக்கிக்கு விடுதலை, எனக்குத்தான் தண்டனை. கண்ணை மூடித் தூக்கினால் முன் சைட் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதை மணிக்கட்டைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவருகிறேன் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குண்டில்லாச் சோதனையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆறில் நாலு தடவை சைட் கீழேயும் இடப்பக்கமும் குத்திட்டு விழுந்தது. பக்கத்து லேன் அண்ணன் பார்த்துவிட்டு, "அலங்காநல்லூரில் மாட்டின் திமிலைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறாயே தங்கச்சி" என்றார்.

இன்னொன்றும் கவனித்தேன். டிரிகர் நாக்கை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவும் தள்ளியாகிவிட்டது, அப்படியும் விரல் நுனிதான் தொடுகிறது. நாக்கு இழுபடுவதைவிட இடப்பக்கம் தள்ளப்படுவது மாதிரி இருக்கிறது.

செதுக்கல் சித்தப்பா:
அந்தக் கடைசி இரண்டு வரிதான் நோய். மீடியம் கிரிப் உன் கைக்குப் பெரிசு. வலது கைக்காரர் நுனி விரலால் இழுத்தால் டிரிகர் நேராகப் பின்னால் வராது, ஓரமாக இடப்பக்கம் தள்ளும். கை களைத்ததும் விரல் மட்டும் போதாமல் மொத்தக் கையும் சேர்ந்து நசுக்கும், குண்டு இடப்பக்கக் கீழே. உன்னுடைய இருபதாவது குண்டுக் கணக்கு இதுதான். எலக்ட்ரானிக் டிரிகர் வாங்கி அதிலும் மீடியம் கிரிப் வந்தால் இரண்டு லட்சத்துக்கு இதே எட்டு மணிதான்.

ஸ்மால் கிரிப் தனியாகக் கிடைக்கும், கிடைத்தால் வாங்கு. ஆனால் இருக்கிற மரத்தையே உன் கைக்கு ஏற்றபடி செதுக்கலாம், நான் என்னுடையதை அப்படித்தான் செய்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவை உட்காரும் இடம் இருக்கிறதே, அங்கே மரத்தை எடுத்தால் கை முன்னால் வரும், விரல் டிரிகருக்கு எட்டும். அப்புறம் உள்ளங்கையில் புடைத்து நிற்கும் பகுதி. எங்கே எடுப்பது என்று ஊகிக்காதே. கையில் விபூதியைப் பூசிக்கொண்டு கிரிப்பைப் பிடித்து எடு, மரத்தில் வெள்ளை திட்டாக ஒட்டிய இடம்தான் அழுத்துகிற இடம். அங்கே மட்டும் அரத்தால் நாலு இழுப்பு, துடைத்துவிட்டு மறுபடி விபூதி. ஒரே நாளில் முடிக்காதே. எடுப்பது சுலபம், வைப்பது கஷ்டம். கூட எடுத்துவிட்டால் எம்-சீல் வைத்து நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட வேண்டும். மறக்காமல் மரத்தைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிவிட்டுத்தான் அரம் போட வேண்டும், தூசி உள்ளே போனால் வால்வு போச்சு.

விளாச்சேரிக்காரன்:
சித்தப்பா சொன்னதுக்கு முன்னால் ஒரு யோசனை. செதுக்குவதற்கு முன் களிமண் வைத்துப் பாருங்கள். நாங்கள் கொலு பொம்மை செய்கிற ஊர், எனக்குத் துப்பாக்கி தெரியாது, தம்பி சுடுவதால் எட்டிப் பார்த்தேன். கிரிப்பைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே பிசைந்த மண்ணை அப்பி, கையால் ஒரு தடவை இறுக்கிப் பிடித்தால் உங்கள் கை எங்கே இடம் கேட்கிறது என்று தெரிந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே அளவு எடுத்துக்கொள்ளுங்கள், மண் காய்ந்தால் சுருங்கும், சுருங்கிய அளவுக்குச் செதுக்கினால் கை நுழையாது. குழந்தைகள் விளையாடுகிற எண்ணெய் மண் என்றால் அந்தத் தொல்லையும் இல்லை.

திருமங்கலம் ஷூட்டர்:
ரொம்ப நன்றி அண்ணா. வீட்டுப் பக்கத்தில் கதவு ஜன்னல் செய்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுக்கலாமா? கீழே கை உட்காரும் தட்டையும் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்துவிட்டால் கை இறுக உட்காரும் என்று தோன்றுகிறது.

செதுக்கல் சித்தப்பா:
தட்டில் கை வைக்காதே! அதுதான் விதி. அந்தத் தட்டு கிரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையக் கூடாது, குதிகைப் பக்கமோ கட்டைவிரல் பக்கமோ மேல்நோக்கி வளையக் கூடாது, கட்டைவிரல் தடையில்லாமல் மேலே எழும்ப வேண்டும், மரம் கையைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கூடாது, பட்டையோ காப்போ கட்டிக்கொண்டு போனால் கழற்றச் சொல்வார்கள். மொத்தத் துப்பாக்கியும் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், இதில் 50 என்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது, தட்டை அகலமாக்கி அழகு பார்த்துவிட்டுப் பெட்டியில் நுழையாமல் மேஜையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எடை 1500 கிராமுக்குள், உன்னுடையது ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், அந்தக் கவலை இல்லை. பிடிமானத்துக்கு ஒட்டும் பசை எதுவும் தடவாதே, அதுவும் கூடாது.

ஆசாரியிடம் தாராளமாகக் கொடு, ஆனால் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு இழுப்புக்கும் கையை வைத்துப் பார். அவருக்கு நேர்கோடு பிடிக்கும், கைக்கு நேர்கோடு பிடிக்காது.

ஓய்வு ஏட்டு:
500 கிராம் விஷயத்தையும் முடித்துவிடு. உன் துப்பாக்கியில் டிரிகர் இரண்டு கட்டம், முதல் கட்டத்தில் பெரும்பகுதி எடையை வைத்து இரண்டாவதைச் சின்னதாக வைத்தால் மொத்தம் 500-ஐத் தாண்டினாலும் விடும்போது லேசாகத் தெரியும். நீ தளர்த்தியது மொத்த எடையை, கூட்டல் கழித்தல் பார்க்காமல். கையேட்டைப் பார்த்து எந்த ஸ்க்ரூ எந்தக் கட்டம் என்று தெரிந்துகொண்டு தொடு. ரேஞ்சில் சோதனை எடை இருக்கும், அதிலேயே பார். குண்டு இல்லை என்று இரண்டு பேர் பார்த்த பிறகு குழலைச் செங்குத்தாக மேலே பிடித்து, நாக்கில் எடையை மாட்டி மேஜையிலிருந்து தூக்க வேண்டும், காற்று நிரப்பிய நிலையில் சோதிக்க வேண்டும். சரியாக 500-இல் நிறுத்தாதே, ஒரு 10, 20 கிராம் கூட வை. நம்மூர் வெயிலில் பஸ்ஸில் குலுங்கிப் போகிற துப்பாக்கி அது.

அப்புறம் பழசு வாங்கினாய் என்றாயே, காற்று சிலிண்டரில் என்ன தேதி அடித்திருக்கிறது?

திருமங்கலம் ஷூட்டர்:
இப்போதுதான் பார்த்தேன். 2013.

ஓய்வு ஏட்டு:
அப்போ அது போட்டிக்கு ஆகாது. சிலிண்டருக்கு அதிகபட்சம் 10 வருஷம்தான் ஆயுள், அது சுடுபவரின் பொறுப்பு, மேஜையில் பார்த்தால் அதோடு நிற்கும். உள்ளே 200 பார் அழுத்தம், குழலுக்குக் கீழே, கைக்குப் பக்கத்திலேயே. பயிற்சிக்கும் வேண்டாம். புதுசு ஒன்று வாங்கு. அப்பாவிடம் கேட்க வேண்டிய செலவு இதுதான், நகை இல்லை.

மாட்டுத்தாவணி மன்னன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன், அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒரு நாள் வாங்கத்தான் வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன்.

செதுக்கல் சித்தப்பா:
வாங்கட்டும், 560-ஐ விடாமல் சுட ஆரம்பித்த பிறகு. அப்போதும் நான் மதுரையில் இருப்பவளுக்கு மெக்கானிக்கல்தான் சொல்வேன். பேட்டரி போனால் போட்டி நடுவில் தவிக்க வேண்டாம், கெட்டால் திறந்து பார்க்க ஒரு ஆளாவது கிடைப்பார். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 2021-இல் நம் நாட்டு மனு பாக்கருக்குப் பதினாறாவது குண்டுக்குப் பிறகு துப்பாக்கி மக்கர் செய்து, நேரம் போய், கடைசியில் 575 சுட்டு 12-ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு இரண்டே புள்ளி குறைவு. மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம் எடுத்தார், அது வேறு கதை. எந்தத் துப்பாக்கியும் கைவிடும், கைவிட்டால் நம்மிடம் யார் இருக்கிறார் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

திருமங்கலம் ஷூட்டர்:
மூன்று வாரம் ஆகிறது, சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. ஆசாரி மாமா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாலு சாயங்காலம் செதுக்கினோம், ரெண்டாம் நாள் கவைப் பக்கம் கொஞ்சம் கூடவே போய்விட்டது, எம்-சீல் வைத்தோம், கறுப்பு மரத்தில் வெள்ளைத் தழும்பு மாதிரி இருக்கிறது. இப்போது விரலின் நடுச்சதை டிரிகரில் உட்காருகிறது. கண்ணை மூடித் தூக்கினால் முன் சைட் பத்தில் ஏழு தடவை நடுவில். சைட் பழைய இடத்திலேயே இருக்கிறது. டிரிகர் 515 கிராம். சிலிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது, வரும்வரை கிளப் துப்பாக்கி, அதனால் என் கிரிப்பை டிரை ஃபயருக்கு (குண்டில்லாமல் டிரிகர் இழுக்கும் பயிற்சி) மட்டும் தினமும் ஒரு மணி நேரம் பிடிக்கிறேன். நேற்று சாரின் சிலிண்டரை மாட்டி 60 சுட்டுப் பார்த்தேன், 549. எட்டு மணிக்குப் போனது ஐந்தே ஐந்து, அதுவும் கடைசி சீரிஸில்.

கடைசியாக ஒரு கேள்வி. கிரிப்புக்கு வார்னிஷ் அடிக்கலாமா? பார்க்கக் கேவலமாக இருக்கிறது.

செதுக்கல் சித்தப்பா:
அடிக்காதே மா. சித்திரை வெயிலில் கை வேர்த்தால் வார்னிஷ் வழுக்கும், அப்புறம் திமிலைப் பிடித்த கதைதான் மறுபடியும். உப்புத்தாள் போட்ட சொரசொரப்பு அப்படியே இருக்கட்டும், லேசாக ஆளிவிதை எண்ணெய் துடைத்துக் காயவிடு, போதும்.