எக்ஸ்.எல். மாத்திரைக்கு என்ன தமிழ்ச் சொல்?

> 'நீட்டித்த வெளியீட்டு மாத்திரை' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா,

பொருள் சரிதான். ஆனால் சேலத்து மருந்துக்கடைக் கவரில் அதைப் படிப்பவர் மாத்திரையைப் பாதியாக உடைக்க மாட்டார் என்பதற்கு என்ன உறுதி? மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புப்ரோபியான் எக்ஸ்.எல். ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடுவது. உடைத்தாலோ மென்றாலோ மருந்து சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும். அளவு கூடக் கூட வலிப்பு அபாயமும் கூடுகிற மருந்து இது. அரை நாளுக்கு மருந்தை விடும் எஸ்.ஆர். வகையில் நாளுக்கு 300 மி.கி. வரை ஆயிரத்தில் ஒருவருக்கு வலிப்பு வரலாம், 400 மி.கி.யில் ஏறக்குறைய நாலு பேருக்கு.

அதனால் 'மெதுவிடு முழுமாத்திரை' என்கிறேன். எக்ஸ்.எல்.லுக்கு 'ஒருவேளை', எஸ்.ஆர்.க்கு 'இருவேளை' என முன்னால் சேர்க்கலாம்.

சில தயாரிப்புகளில் மருந்து இறங்கியபின் மேலோடு மலத்தோடு அப்படியே வெளியே வரும். மாத்திரை கரையவில்லை என்று பயந்து இன்னொன்று போட்டுவிடக் கூடாது. அதற்கு 'வெற்றுக்கூடு' பொருந்தும்.

---

வணக்கம் அம்மா,

'முழுமாத்திரை', 'வெற்றுக்கூடு' இரண்டும் அருமை. 'இருவேளை' மட்டும் வேண்டாம். எஸ்.ஆர்.ஐயும் தொடக்கத்தில் காலையில் ஒன்று என்றுதான் எழுதுவார்கள். சீட்டில் ஒன்று, கவரில் இரண்டு என்றால் நோயாளி கவரைத்தான் நம்புவார். '24 மணி மெதுவிடு', '12 மணி மெதுவிடு' என்போம். இரண்டு வேளை எழுதியிருந்தால் இடையில் 8 மணி நேரமாவது விட வேண்டும். தூக்கம் கெடும் என்பதால் படுக்கும் நேரத்தில் வேண்டாம். ஒரு வேளை தவறினால் விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு வழக்கமான அளவுதான். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

பழைய சொற்பட்டியலில் உள்ள 'வலிப்பு வரம்பு' (எதைத் தாண்டினால் வலிப்பு வருமோ அந்த எல்லை) என்பதையும் மாற்றியாக வேண்டும். 'வலிப்பு வரம்பைக் குறைக்கும்' என்றால் வலிப்பையே குறைக்கும் என்றுதான் காதில் விழுகிறது. நேர் எதிரான பொருள்! 'வலிப்புத் தாங்குதிறன் குறையும்' என்றால் குழப்பமில்லை.

இது நம் ஊருக்கு முக்கியம். தினமும் நிறையக் குடிப்பவர் ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் என்றோ, கார்த்திகையில் மாலை போட்டோ ஒரே நாளில் நிறுத்துவார். அந்தத் திடீர் நிறுத்தமே தாங்குதிறனைக் குறைக்கும். அதோடு புப்ரோபியானும் சேரக் கூடாது. தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் இதே ஆபத்துதான். விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முன்பு ஃபிட்ஸ் வந்தவருக்கும், பட்டினி கிடந்தோ வாந்தியெடுத்தோ எடை குறைக்கும் உணவுக் கோளாறு உள்ளவருக்கும் இந்த மருந்தே கூடாது. புகைப்பழக்கத்தை விடக் கொடுப்பதும் இதே மருந்துதான், பெயர் வேறாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மிஞ்சிவிடும்.

கவருக்கு என் வரி: '24 மணி மெதுவிடு முழுமாத்திரை. காலையில் ஒன்று. உடைக்காமல், மெல்லாமல் விழுங்கவும்.'