செழிப்பு உபதேச ஊழியங்களிடம் அமெரிக்க அரசு ஏன் கணக்குக் கேட்பதில்லை?

கரையோரன்:
"விதை போடு, நூறத்தனையாய் அறுப்பாய்" என்று, காணிக்கை கொடுத்தால் கடவுள் செல்வம் தருவார் எனும் செழிப்பு உபதேசம் சொல்லி டிவியில் காணிக்கை வாங்கும் அமெரிக்க ஊழியங்களுக்கு வரி கிடையாது. பதிலுக்கு, தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அப்படிப்பட்ட டிவி போதகர் பவுலா வைட் 2017இல் டிரம்ப் பதவியேற்பில் ஜெபித்தார், 2025இல் வெள்ளை மாளிகையிலேயே பொறுப்புக்கு வந்துவிட்டார். ஓட்டை எங்கே இருக்கிறது? கணக்கையாவது யாராவது பார்க்கிறார்களா?

வரிக்காரர்:
பதவியேற்பில் ஜெபிப்பதும் அரசுப் பொறுப்பு ஏற்பதும் சட்டமீறல் இல்லை. 1954இல் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம் சபையை அமைப்பு என்ற முறையில்தான் கட்டுப்படுத்துகிறது. போதகர் தனி ஆளாக யாரையும் ஆதரிக்கலாம். எல்லாரும் அந்தச் சந்து வழியாகத்தான் போய்வருகிறார்கள். மாட்டிக்கொண்டு வரிவிலக்கை இழந்ததற்குத் தெரிந்த உதாரணம், 1992இல் கிளிண்டனுக்கு எதிராக முழுப்பக்க விளம்பரம் கொடுத்த நியூயார்க் மாநிலச் சபை ஒன்று. "இந்த விளம்பரச் செலவுக்கு வரிக்கழிவுடன் நன்கொடை தரலாம்" என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள்! அவ்வளவு அப்பாவிகள் இப்போது இல்லை.

கணக்குக்கு வருவோம். மற்ற தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் 990 படிவம் தாக்கல் செய்யும். மேல்மட்டச் சம்பளம் அதில் வெளிப்படையாக இருக்கும். சபைக்கு அந்தப் படிவம் வேண்டியதில்லை. அதனால்தான் டிவி ஊழியங்கள் பல தங்களைச் 'சபை' என்று வகைப்படுத்திக்கொள்கின்றன.

சபையைத் தணிக்கை செய்ய, 1984இல் வந்த 7611ஆம் பிரிவின்படி, நிதித்துறை உயரதிகாரி ஒருவர் நியாயமான சந்தேகம் இருப்பதாக எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் இருந்தவர் வரித்துறையின் மண்டல ஆணையர். 1998 சீரமைப்புக்குப் பின் அந்தப் பதவியே இல்லை. மினசோட்டாவின் லிவிங் வேர்ட் சபைப் போதகர், குடியரசுக் கட்சி வேட்பாளர் மிஷெல் பாக்மனுக்கே தன் ஓட்டு என்று 2006இல் மேடையில் சொன்னார். தணிக்கை சம்மன் போயிற்று. 2009இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காரணம், உத்தரவிட்டவருக்கு அந்த அளவு பதவி இல்லையாம்! போதகர் பேசியது சரியா தப்பா என்ற இடத்துக்கே வழக்கு வரவில்லை.

மல்கியா310:
கிராஸ்லி விசாரணையை விட்டுவிட்டீர்களே. 2007 நவம்பரில் அந்தக் குடியரசுக் கட்சி செனட்டர் ஆறு ஊழியங்களுக்குக் கடிதம் போட்டார்: கோப்லேண்ட், கிரெஃப்லோ டாலர், பென்னி ஹின், ஜாய்ஸ் மேயர், எடி லாங், பவுலா வைட். சம்பளம், விமானம், வீடு என்று கேள்விகள். ஹின்னும் மேயரும் முழுதாகப் பதில் தந்தார்கள், மற்ற நால்வர் தரவில்லை. 2011 ஜனவரியில் யாருக்கும் அபராதம் இல்லாமல் கோப்பை மூடினார்கள். தொடர்ந்து ஆராய அமைத்த குழு 2013இல் என்ன பரிந்துரைத்தது தெரியுமா? தேர்தல் பேச்சுத் தடையைத் தளர்த்தலாம் என்று! கணக்குக் கேட்கப் போய், கடைசியில் சலுகை கொடுக்கச் சொன்ன கதை.

உபதேசத்துக்கே அரசியலோடு பொருத்தம் உண்டு. பணம் தேவ தயவின் அடையாளம் என்றால், பணக்கார வேட்பாளர் நடமாடும் சாட்சி ஆகிறார். 2016இல் பவுலா வைட் கேட்ட 'உயிர்த்தெழுதல் விதை' 1,144 டாலர். செத்து உயிரோடு எழுந்த லாசரு கட்டவிழ்க்கப்படும் யோவான் 11:44தான் அந்தத் தொகை. வசனத்துக்கு விலை ஒட்டத் தெரிந்தவர்களுக்கு வேட்பாளருக்கு வசனம் ஒட்டுவதா கஷ்டம்?

தென்திசை:
அமெரிக்காவையே பார்த்தால் பாதிதான் தெரியும். பிரேசிலில் சந்தே வேண்டாம், சொந்தக் கட்சியே இருக்கிறது. எடிர் மாசெடோ 1977இல் ரியோவில் யுனிவர்சல் சபையைத் தொடங்கினார், 1989இல் ரெக்கார்ட் டிவியை வாங்கினார். 2005இல் உருவான, இன்று ரெபுப்ளிகானோஸ் எனப்படும் கட்சி அந்தச் சபையோடு ஒட்டியது. மாசெடோவின் சகோதரி மகன் கிரிவெல்லா 2016இல் ரியோ மேயராகத் தேர்வானார்.

அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் மாநிலம் முழுதும் ஒரே தொகுதி. சாவோ பாவுலோவுக்கு மட்டும் 70 இடங்கள். ஒரு வேட்பாளருக்கே ஓட்டெல்லாம் குவிந்தால் சபைக்கு நட்டம். ஆகவே இன்ன பகுதி ஆலயங்கள் இன்ன வேட்பாளருக்கு என்று பிரித்துவிடுவார்கள். கொள்கைப் பிடிப்பு என்று தேடாதீர்கள். இதே கிரிவெல்லா இடதுசாரி அதிபர் தில்மாவின் அரசில் மீன்வள அமைச்சராக இருந்தவர். 2014இல் அந்தச் சபை கட்டிய சாலமோன் ஆலயத் திறப்புக்கு தில்மா வந்தார். 2018இல் மாசெடோவின் ஆதரவு வலதுசாரி போல்சொனாரோவுக்கு.

கரையோரன்:
நன்றி. ஒரு ஊழியத்துக்குக் காணிக்கை அனுப்பும் முன் எதைப் பார்ப்பது?

வரிக்காரர்:
990 படிவம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், ஊழியங்களின் நிதி நேர்மைக்குச் சான்று தரும் இசிஎஃப்ஏ அமைப்பில் உறுப்பினரா என்று பார்க்கலாம். அவர்கள் நிர்வாகக் குழுவில் ஐந்து பேராவது இருக்க வேண்டும், பெரும்பான்மையோர் வெளியாராக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஜாய்ஸ் மேயர் ஊழியம் 2009இல் சேர்ந்தது. இரண்டும் இல்லையென்றால் தணிக்கை அறிக்கை கேட்டு நேரே எழுதுங்கள். அறிக்கைக்குப் பதில் ஜெப எண்ணெய்ப் பாக்கெட்டும் காணிக்கைக் கவரும் வந்தால் அதுவே பதில்.

இன்னொன்று. 2025 ஜூலையில் வரித்துறையே டெக்சாஸ் நீதிமன்றத்தில், ஆராதனையில் போதகர் சபையாரிடம் வேட்பாளர் பற்றிப் பேசுவது குடும்பத்துக்குள் பேசுவது போலத்தான் என்று எழுதிக்கொடுத்தது. உங்கள் முதல் கேள்வியில் உள்ள 'சட்டம்' அந்த அளவுக்கு மெலிந்துபோய்விட்டது.