கிரேடு 3 பியானோ தேர்வு: நேரில் போகட்டுமா, வீடியோ அனுப்பட்டுமா?

வேளச்சேரி அம்மா:
மகளுக்கு ஒன்பது வயது. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டன் இசைத் தேர்வு போர்டின் கிரேடு 3 பியானோவுக்குத் தயாராகிறாள். அடுத்த வாரம் பணம் கட்ட வேண்டும், தேர்வுக்கு இரண்டரை மாதம் இருக்கிறது. தேர்வுக்கு வாசிக்க வேண்டிய மூன்று பீஸும் (இசைத்துண்டுகள்) ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஸ்கேலில், அதாவது சுர வரிசைகளில், தடுமாற்றம். முன்பு பார்க்காத பக்கத்தைப் பார்த்து வாசிக்கும் சைட் ரீடிங் என்றாலே கண் கலங்கிவிடுகிறாள். டீச்சர், "நேரில் போகும் தேர்வு வேண்டாம், பெர்ஃபார்மன்ஸ் கிரேடுக்கு மாற்றிவிடலாம். நாலு பீஸ் வாசித்து வீடியோ அனுப்பினால் போதும்" என்கிறார். வீட்டுக்காரருக்கு அதில் இஷ்டமில்லை. பாதியை விட்டுவிட்டு வாங்குகிற சான்றிதழ் எதற்கு என்கிறார். எனக்கு வெஸ்டர்ன் நோட்டேஷன் (இசைக்குறிப்பு) தெரியாது, சின்ன வயதில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். எது சரி? வீட்டில் நான் எப்படி உதவுவது?

கோவை பியானோ டீச்சர்:
நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். முதலில் மதிப்பெண் கணக்கைப் பாருங்கள், பாதி பயம் போய்விடும். மொத்தம் 150. மூன்று பீஸுக்கும் தலா 30, ஸ்கேலுக்கு 21, சைட் ரீடிங்குக்கு 21, காதால் கேட்டுப் பதில் தரும் ஆரலுக்கு 18. 100 வந்தால் பாஸ், 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகப் பாஸாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, கூட்டுத்தொகைதான் கணக்கு. பீஸ் ஒவ்வொன்றிலும் 25 எடுத்தால் 75 ஆயிற்று. மீதி 60இல் 25 எடுத்தால் போதும். சைட் ரீடிங்கில் சொதப்பினாலும் ஃபெயிலாக மாட்டாள்.

அதைவிட முக்கியமான விஷயம் வேறு. கிரேடு 5 முடித்துவிட்டு என்னிடம் வருகிற சில பிள்ளைகள், புதிய பக்கத்தைத் திறந்து வைத்தால் முதல் வரியைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்துவிடுவார்கள். டீச்சரின் விரலைப் பார்த்துப் பார்த்து வருடத்துக்கு மூன்று பீஸை மனப்பாடம் செய்தே வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைக்கூடத் தாமாக எடுத்து வாசிக்க வராது. கண் கலங்குகிறது என்பதற்காக ஒன்பது வயதில் வாசிப்பை விட்டுவிட்டால், பதின்மூன்று வயதில் அதைப் பிடிப்பது இன்னும் கஷ்டம்.

கிள்ளான் அப்பா:
டீச்சர் சொல்லும் பிள்ளைகளை மலேசியாவில் நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தேர்வு எழுதி வந்தவர்கள்? பெர்ஃபார்மன்ஸ் கிரேடு வந்ததே 2020இல்தான். அதற்கு முன்பும் மூன்று பீஸை ஒரு வருடம் அரைத்து, கடைசி மாதம் ஸ்கேலை உருப்போட்டு, கிரேடு 8 முடித்த மறுநாள் பியானோவை மூடிவைத்த பிள்ளைகள் இங்கே ஏராளம். சைட் ரீடிங் தேர்வில் இருந்தது, ஆனால் அது அவர்களுக்கு வாசிக்கச் சொல்லித் தரவில்லை.

பெர்ஃபார்மன்ஸ் கிரேடு சுலபமான குறுக்குவழி இல்லை. ஏ, பி, சி என்ற மூன்று பட்டியல்களிலிருந்தும் ஒவ்வொன்று, நான்காவது பிள்ளையே தேர்ந்தெடுப்பது. நான்கையும் ஒரே தொடர்ச்சியாக வாசிக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. பீஸுக்குத் தலா 30, முழு நிகழ்ச்சியும் எப்படி அமைந்தது என்பதற்கு ஒரு 30. கிரேடு 6இலிருந்து பிரிட்டன் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் கணக்கில் வரும் யூகாஸ் புள்ளிகளும் இரண்டுக்கும் ஒன்றுதான். என் மகன் நான்காவது பீஸைத் தானே தேடிப் பிடித்தான். அந்தத் தேடலில்தான் அவன் நிறைய இசைக்குறிப்புகளைப் புரட்டி வாசித்தான். பிள்ளைக்குப் பிடித்ததை வாசிக்க விடுங்கள், வாசிப்புத் திறன் தானாக வரும்.

கோவை பியானோ டீச்சர்:
உங்கள் மகனுக்கு வந்தது. எல்லாருக்கும் தானாக வராது, அண்ணே. வீடியோ எடுக்கும் நாளில் வீடுகளில் என்ன நடக்கிறது என்று சொல்லட்டுமா? மூன்றாவது பீஸில் ஒரு விரல் வழுக்கும், அம்மா "முதலிலிருந்து" என்பார். மறுபடியும். மறுபடியும். சாயங்காலம் தொடங்கியது இரவுச் சாப்பாடு வரை போகும். நேரில் போனால் கிரேடு 3க்குப் பன்னிரண்டு நிமிடம், முடிந்தது கதை. தப்பு வந்தாலும் நிற்காமல் போகிற பழக்கம் அந்த அறையில்தான் வருகிறது.

கிள்ளான் அப்பா:
அது பெற்றோரின் குறை, தேர்வு முறையின் குறை இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட்டால் அந்தக் கூத்து நடக்காது. அந்த மூன்றில் எது நல்லது என்று பிள்ளையே கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். தன் வாசிப்பைத் தானே காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் நேர்த்தேர்வில் எங்கே வரும்?

கருப்புக்கட்டை:
சென்னையில் கிரேடு எழுதி வளர்ந்தவன், இப்போது சர்ச்சில் வாசிக்கிறேன். இரண்டு பேரும் ஒரே தேர்வு போர்டுக்குள் நின்று பேசுகிறீர்கள். டிரினிட்டி என்ற இன்னொரு போர்டையும் யோசிக்கலாம். அங்கே மொத்தம் 100, பாஸ் 60. கிரேடு 5 வரைக்கும் சைட் ரீடிங், ஆரல், இம்ப்ரொவைசேஷன் (அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிப்பது), மியூசிக்கல் நாலெட்ஜ் (இசை பற்றிய கேள்விகள்) என்ற நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். கிரேடு 6க்குப் போக, ஏபிஆர்எஸ்எம்மில் கேட்பதுபோல, கிரேடு 5 தியரி என்ற இசை இலக்கணத் தேர்வோ அதற்கு ஈடானதோ முடித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஆரலும் இம்ப்ரொவைசேஷனும் நன்றாக வரலாம். ஆனால் இரண்டரை மாதத்தில் போர்டு மாற்றாதீர்கள், பீஸ் பட்டியலே வேறு. அடுத்த கிரேடுக்கு யோசியுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. வீட்டில் இருப்பது பியானோவா, கீபோர்டா?

வேளச்சேரி அம்மா:
61 கீ உள்ள கீபோர்டுதான். அழுத்தினால் லேசாக இருக்கும். க்ளாஸில் டிஜிட்டல் பியானோ இருக்கிறது.

கோவை பியானோ டீச்சர்:
முதலில் இதைச் சரிசெய்யுங்கள். நேர்த்தேர்வா வீடியோவா என்பது இதற்கு அடுத்ததுதான். லேசான கட்டையில் (கீயில்) பழகிய விரல் கனமான கட்டையில் மெல்லிய சத்தத்தில் வாசிக்கப் போனால் பாதி நோட் சத்தமே வராது. சத்தமாக வாசித்தால் மேளம் கொட்டுகிற மாதிரி வரும். பி பட்டியல் பீஸில் சத்தம் மெல்லியது, வலியது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது எல்லாம் கேட்பார்கள். அதை அந்தக் கீபோர்டில் பழகவே முடியாது. 88 கட்டை, கனமான அழுத்தம் உள்ள டிஜிட்டல் பியானோ வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வாரத்தில் சில நாள் க்ளாஸ் பியானோவில் உட்கார அனுமதி கேளுங்கள். தேர்வுக்கு முன்பு ஒரு முறையாவது நிஜமான பியானோவில் வாசிக்கட்டும். கால் தரையில் எட்டுகிறதா என்றும் பாருங்கள். எட்டாவிட்டால் ஒரு சின்ன ஸ்டூல் வைத்துப் பழக்குங்கள், தொங்குகிற காலோடு தோள் இறுகிவிடும்.

கிள்ளான் அப்பா:
இதில் டீச்சரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வீடியோ தேர்வுக்கும் கனமான கட்டை உள்ள பியானோ வேண்டும், இந்தக் கீபோர்டில் எடுத்து அனுப்ப முடியாது.

வேளச்சேரி அம்மா:
சரி, அதற்கு ஏற்பாடு செய்கிறேன். ஸ்கேலுக்கும் சைட் ரீடிங்குக்கும் நோட்டேஷன் தெரியாத நான் என்ன செய்ய முடியும்?

கோவை பியானோ டீச்சர்:
நிறைய முடியும். ஸ்கேல் பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். வலது கை, இடது கை, இரண்டும் சேர்த்து என்று தனித்தனிச் சீட்டு. தினமும் அவளே நாலு சீட்டு எடுத்து வாசிக்கட்டும். தேர்விலும் இப்படித்தான், எக்ஸாமினர் எதைக் கேட்பார் என்று தெரியாது, புத்தகம் பார்க்காமல் வாசிக்க வேண்டும். தடுமாறிய சீட்டை மறுநாளும் உள்ளே போடுங்கள், சரியாக வந்ததை வெளியே எடுத்து வையுங்கள்.

சைட் ரீடிங்குக்குக் கிரேடு 1 புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கிரேடு 3 பக்கத்தைக் காட்டுவதால்தான் அழுகிறாள். தினம் ஒன்றே ஒன்று. தேர்வில் அரை நிமிடம் கொடுப்பார்கள், அதற்குள் வாசித்தும் பார்க்கலாம். பல பிள்ளைகள் அந்த அரை நிமிடத்தைச் சும்மா பார்த்தே கழிக்கிறார்கள். நீங்கள் போனில் முப்பது விநாடி வையுங்கள். சுரத்தை அரைப்படி ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃபிளாட் என்ன இருக்கிறது, எத்தனை எண்ணிக்கை, முதல் விரல் எங்கே என்று அவள் வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகு வாசிக்கும்போது நிற்கக் கூடாது, திரும்பிப் போகக் கூடாது. நோட் தப்பாகட்டும், தாளம் ஓடட்டும். நின்றாளா இல்லையா என்று பார்க்க உங்களுக்கு நோட்டேஷன் வேண்டாமே.

கருப்புக்கட்டை:
ஆரலுக்கு உங்கள் வாய்ப்பாட்டுதான் சொத்து, அக்கா. எக்ஸாமினர் சின்ன சின்னதாக வாசிப்பார், பிள்ளை கேட்டுத் திருப்பிப் பாட வேண்டும். தாளத்தை விடாமல் உடனே எடுக்க வேண்டும், யோசித்துவிட்டு ஆரம்பித்தால் மார்க் போய்விடும். நீங்கள் பாடுங்கள், அவள் திருப்பிப் பாடட்டும். கமகம் மட்டும் சேர்க்க வேண்டாம், சுரம் நேராக நிற்கட்டும். அப்புறம், வாசிப்பதைக் கேட்டுக் கைதட்டி, தாளம் இரண்டின் கணக்கா மூன்றா நான்கா என்று சொல்ல வேண்டும். திஸ்ரம் (மூன்று), சதுஸ்ரம் (நான்கு) தெரிந்த வீட்டில் அது பெரிய விஷயமே இல்லை. முதல் தட்டு அழுத்தமாக விழ வேண்டும். ஆதி தாளம் போட்டுப் பழகிய பிள்ளைகள் விரல் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள், தட்ட மட்டும் சொல்லுங்கள்.

வேளச்சேரி அம்மா:
இப்போதே பாடிப் பார்த்தோம், நாலில் மூன்று சரியாகத் திருப்பிப் பாடினாள். நேர்த்தேர்வுக்கே பணம் கட்டலாம் என்று தோன்றுகிறது. மகளிடமும் கேட்டேன். அறைக்குள் அம்மா வரலாமா என்று மட்டும் கேட்டாள்.

கோவை பியானோ டீச்சர்:
வர முடியாது. அதற்கும் இப்போதே பழக்கிவிடுங்கள். வாரம் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்து, நீங்கள் வெளியே நில்லுங்கள். பீஸில் ஆரம்பிப்பதா ஸ்கேலில் ஆரம்பிப்பதா என்பது அவள் விருப்பம். கை நடுங்கும் பிள்ளை என்றால் மிகவும் பிடித்த பீஸை முதலில் வைக்கச் சொல்லுங்கள். எக்ஸாமினர் எழுதிக்கொண்டே இருப்பார், அது தப்புக்காக அல்ல என்று முன்பே சொல்லிவையுங்கள்.

கிள்ளான் அப்பா:
முடிவு உங்களுடையது, நன்றாக நடக்கட்டும். ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இந்த இரண்டரை மாதமும் தேர்வுக்கான மூன்று பீஸை மட்டும் வாசிக்க வைக்காதீர்கள். வாரம் ஒரு நாள் அவளுக்குப் பிடித்த வேறு ஏதாவது ஒன்று, யாரும் திருத்தாமல் வாசிக்கட்டும். டீச்சருக்கு இதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கோவை பியானோ டீச்சர்:
இல்லவே இல்லை. ஆனால் அதை நோட் பார்த்து வாசிக்கட்டும், அண்ணே.