குதிராம் போஸ் எப்படி ‘அனார்க்கிஸ்ட்’ ஆனார்?

ஆய்வு மாணவி:
வங்கப் புரட்சியாளர்களைப் பற்றிய பழைய ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 1908இல் முசாபர்பூரில் வெடிகுண்டு வீசிய குதிராம் போஸ் போன்றவர்களை அவை அனார்க்கிஸ்ட் என்கின்றன. அவர்கள் நாட்டு விடுதலை கேட்டவர்கள். அரசே கூடாது என்றவர்கள் அல்லர். அப்படிச் சொன்ன ரஷ்யச் சிந்தனையாளர் குரோபோட்கினுக்கும் இதே சொல்தான். இருவரையும் ‘அராஜகவாதி’ என்று எழுதிவிடலாமா?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:
வேண்டாம் அம்மா. அந்த வாக்கியத்தை எழுதியவர் யார் என்று முதலில் பாருங்கள். 1840இல் பிரான்ஸின் புரூதோன் தம்மையே அப்படி அழைத்துக்கொண்டார். ஆள்பவன் என்று ஒருவன் இல்லாமலே மக்கள் ஒழுங்காக வாழ முடியும் என்பது அவர் வாதம். பிறகு 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோவைக் குத்திக் கொன்றவரும், 1901இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லியைச் சுட்டவரும் அந்தக் கொள்கையின் பெயரைச் சொன்னார்கள். 1903இல் அனார்க்கிஸ்டுகள் குடியேறவே கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. ஆங்கிலப் பத்திரிகை வாசகனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே குண்டும் கத்தியும்தான் நினைவுக்கு வந்தன.

இந்தியாவை ஆண்ட வெள்ளையருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ‘விடுதலை கேட்கிறான்’ என்று எழுதினால் எதிலிருந்து விடுதலை என்று லண்டனில் எவராவது கேட்பார். அனார்க்கிஸ்ட் என்றால் கேட்க மாட்டார். ரௌலட் சட்டம் என்கிறோமே, 1919இல் நிறைவேறிய அந்தச் சட்டத்தின் முறையான பெயரே ‘அனார்க்கிக்கல் அண்ட் ரெவல்யூஷனரி கிரைம்ஸ் ஆக்ட்’. பாடநூல்கள் இதை ஏன் விட்டுவிடுகின்றன என்று எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில், தானும் ஓர் அனார்க்கிஸ்ட்தான், ஆனால் வேறு வகை என்றார் காந்தி. மேடையில் மகாராஜாக்கள் வேறு! அன்னி பெசன்ட் குறுக்கிட்டார். பேச்சு முடிவதற்குள்ளேயே கூட்டம் கலைந்தது.

புதுச்சேரி வாசகர்:
கொள்கையாகவே அதை ஏற்ற ஒருவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார்: சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சாரியா. பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகைப் பணியில் இருந்தவர். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது உடனிருந்தார். பிறகு அவர்களோடு முறித்துக்கொண்டு பெர்லினில் அனார்க்கிசத்தின் பக்கம் வந்தார். 1935இல் பம்பாய் திரும்பி, 1954இல் இறக்கும்வரை அதைப் பற்றியே எழுதினார்.

ஆய்வு மாணவி:
நன்றி ஐயா. ஆச்சாரியா 1909இல் லண்டனிலும் இருந்தாரே. அந்த ஆண்டின் போலீஸ் குறிப்பு ஒன்றில் அவரை அனார்க்கிஸ்ட் என்று பார்த்தால்?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:
அது போலீஸ் வைத்த பெயர். மேற்கோள் குறிக்குள் ‘அராஜகவாதி’ என்று போட்டு, சொன்னது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெர்லின் காலத்துக்குப் பிறகு என்றால் ‘அரசின்மைக் கொள்கையாளர்’, குறி தேவையில்லை. ஆள் ஒருவர்தான், ஆண்டைப் பார்த்து எழுதுங்கள்.