கார் உத்தரவாதக் கோரிக்கை நிராகரிப்பு: ஆலோசனை தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வசிக்கிறேன். உத்தரவாதக் காலம் இன்னும் முடியாத எங்கள் காரின் இயந்திரம், ஈப்போவிலிருந்து திரும்பும் வழியில், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாமலேயே திடீரென நின்றுவிட்டது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பு சுழலாமல் இறுகி, அதையும் வால்வுகளையும் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் வளைந்திருந்தன. பெல்ட் உத்தரவாதத்தில் அடங்காத தேய்மானப் பொருள் என்று ஒரே வரியில் எழுதி, நிறுவனம் கோரிக்கையை நிராகரித்துவிட்டது.

இதை என்னால் ஏற்க இயலவில்லை. பெல்ட்டின் பற்கள் தேயவில்லை. ஒரு விளிம்பு மட்டும் கருகியிருக்கிறது. பம்பின் சக்கரமோ கையால் எவ்வளவு முயன்றாலும் அசையவில்லை. பம்பு இறுகியதால்தான் பெல்ட் அறுந்தது என்றால், மூலக் காரணம் தேய்மானம் ஆகாது. சர்வீஸ் அனைத்தும் நிறுவனத்தின் பட்டறையிலேயே செய்யப்பட்டு, புத்தகத்தில் முத்திரையும் உள்ளது.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இன்றியே பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிவு செய்யலாம். பழுதான பாகங்களே முக்கியச் சான்று என்பதால், அவற்றை அப்புறப்படுத்தக் கூடாது என நிறுவனத்திற்கு எழுத்துமூலம் தெரிவித்துவிட்டேன்.

ஈப்போ, தைப்பிங் பகுதிகளில் சுயேச்சையாக ஆய்வு செய்து அறிக்கை தரும் பொறியியலாளர் யாரேனும் உண்டா? சாதாரணப் பட்டறைக்காரரின் அறிக்கையை மன்றம் ஏற்ற அனுபவம் உங்களில் எவருக்கேனும் இருக்கிறதா? விற்பனையாளர், தயாரிப்பாளர் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டுமா? தோட்டத்திலிருந்து அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல எங்களுக்கு இந்தக் கார் ஒன்றே உள்ளது. ஆகவே, அனுபவப்பட்டவர்கள் விரைந்து வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.