கிளி கெட்ட வார்த்தை பேசினால் கண்டிப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?

பீளமேடு_செல்வி:
எங்கள் வீட்டில் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இருக்கிறது. பெயர் மணி, வயது ஒன்பது. வளர்த்தவர் ஊரை விட்டுப் போவதால், பதிவுக் காகிதங்களோடு எங்களிடம் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. குக்கர் விசில், கேட் திறக்கும் கிரீச் சத்தம், மாமியாரின் இருமல் எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்யும். ஆனால் போன் மணி அடித்தால் போதும். முதலில் "ஹலோ". அப்புறம் ஒரு கனைப்பு. அதன்பின் தாயை இழுத்து ஒரு வசவு, பழைய வீட்டுக்காரரின் அதே கரகரத்த குரலில். போன வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வந்த பெண்கள் முன்னால் சொல்லிவிட்டது. ஆறு வயது மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். மாமியார் அந்த அறைக்கே வருவதில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது?

நெல்லை_துரை:
தங்கச்சி, இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். வார்த்தை வந்த அந்த நொடியிலேயே கூண்டின் மேல் கறுப்புத் துணியைப் போடுங்கள். பத்து நிமிடம் கழித்து எடுங்கள். சொன்னால் திரும்பவும் போடுங்கள். என்னிடம் இருந்த சாம்பல் கிளி லாரி ஷெட்டில் வளர்ந்தது. அது பேசாத பேச்சு இல்லை. மூன்றே வாரத்தில் வாயை அடக்கிவிட்டது. செல்லம் கொடுத்தால் பெற்ற பிள்ளையே கெட்டுப்போகிறது. பறவையிடம் கண்டிப்பு காட்டுவதில் தப்பில்லை.

சாம்பல்சிறகு:
துரை அண்ணன் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. பதினான்கு வருடமாக இரண்டு சாம்பல் கிளிகளோடு இருக்கிறேன். அது வசவு என்று கிளிக்குத் தெரியாது. அதைச் சொன்னால் வீட்டில் நாலு தலை திரும்பும் என்றுதான் தெரியும். பையன் சிரிப்பதும் பரிசு, பாட்டி எழுந்து போவதும் பரிசு, நீங்கள் "சீ, சும்மா இரு" என்று அதட்டுவதும் பரிசு. துணியை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறீர்களே, அதுவும் அதற்கு ஒரு வேடிக்கைதான். இன்னொன்று, இந்தக் கிளிக்குத் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பல வீடுகளில் துணி போடுவதுதான் அதற்குத் தூங்கும் நேரம் வந்ததற்கான அடையாளம். அதையே தண்டனை ஆக்கினால் ராத்திரி துணியைப் பார்த்ததும் பதறும். பயத்திலும் தனிமையிலும் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொண்ட பறவைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவில் 2020இல் நடந்ததைப் பாருங்கள். புதிதாக வந்த ஐந்து சாம்பல் கிளிகளை ஒரே அறையில் வைத்திருந்தார்கள். ஒன்று திட்டும், மற்றொன்று சிரிக்கும், பார்க்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் வசவு வளர்ந்தது.

நெல்லை_துரை:
சரி தம்பி, அந்தப் பூங்காவில் அப்புறம் என்ன செய்தார்கள்? ஐந்தையும் பிரித்து, ஆட்கள் பார்வையில் இருந்து எடுத்து வேறு வேறு இடத்தில் விட்டார்கள். கேட்கிற கூட்டத்தைப் பறிப்பதுதானே அது? நான் துணியால் செய்ததும் அதைத்தான். என் கிளி நிறுத்தியது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கோதை_ஈரோடு:
என் பெரியம்மா சொன்ன வைத்தியம் ஒன்று உண்டு, தயவு செய்து யாரும் செய்யாதீர்கள். கெட்ட வார்த்தை பேசினால் வாயில் மிளகாய் என்று நம்மை மிரட்டுவார்களே, அதையே கிளிக்கும் செய்யச் சொன்னார். செய்து பார்த்தோம். ஒரு காலில் மிளகாயைப் பிடித்துக்கொண்டு, விதையை மட்டும் நோண்டி நோண்டித் தின்றுவிட்டு, இன்னொன்று கேட்டது. பறவைகளுக்குக் காரம் உறைப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. திட்டுக்கு நாங்களே கூலி கொடுத்திருக்கிறோம்.

வனம்_காப்போம்:
யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் பறவை இது. பிடித்துப் பிடித்தே அருகிப்போய், 2016இல், காட்டு உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கும் நிலைக்கு வந்தது. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டமாகப் பேசிப் பழகிய உயிரைத் தனியாக ஒரு கூடத்தில் வைத்துவிட்டு, நம் பேச்சைத் திருப்பிச் சொன்னதற்குத் தண்டனை என்றால் என்ன நியாயம்? திருத்தவே வேண்டாம். துணைப் பறவை இருக்கும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுங்கள்.

பீளமேடு_செல்வி:
நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒரு வீடு மாறி வந்தது. வந்த முதல் மாதம் தண்டில் ஒரு மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. இப்போதுதான் என் தோளில் ஏறுகிறது. இன்னொரு தடவை அதை இடம் மாற்ற மாட்டேன்.

பழைய வீட்டம்மாவிடம் நேற்று பேசினேன். அவர் கணவர் வட்டிக்கு வாங்கியிருந்தாராம். போன் வந்தாலே எரிந்து விழுவாராம்.

சாம்பல்சிறகு:
அப்படியென்றால் உங்கள் பூட்டுக்குப் போன் மணிதான் சாவி. கிளி இடம் பார்த்து, சத்தம் பார்த்துப் பேசும். 2015இல் மகாராஷ்டிராவில் சந்திரபூர் மாவட்டத்து ராஜூராவில், உறவுக்காரர் பழக்கிவிட்ட கிளி தன்னைத் திட்டுகிறது என்று ஒரு மூதாட்டி புகார் கொடுத்தார். கிளியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாகத் திட்ட வைத்த எதுவும் அங்கே இல்லாமல் இருந்திருக்கும்.

துரை அண்ணா, லிங்கன்ஷயரில் இருட்டில் பூட்டவில்லை, வேறு பறவைகளோடு சேர்த்தார்கள். 2024இல் இன்னும் துணிந்து, திட்டும் கிளிகள் எட்டை 92 கிளிகள் உள்ள பெரிய கூட்டத்தில் விட்டார்கள், நல்ல சத்தங்களைக் கேட்டு மாறட்டும் என்று. வாயை அடைப்பதைவிட வேறு பேச்சைக் கொடுப்பது நல்லது.

செல்வி, அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் இருந்து 2007 வரை அலெக்ஸ் என்ற சாம்பல் கிளிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைப் பழக்கினார். முறை எளிது. ஒருவர் கேட்பார், இன்னொருவர் சரியாகச் சொல்லிப் பொருளை வாங்கிக்கொள்வார், கிளி பார்த்துக்கொண்டிருக்கும். தனக்கும் வேண்டும் என்று அதுவும் சொல்லத் தொடங்கும். அதை வீட்டில் செய்யுங்கள். எல்லோர் போனையும் ஒரு வாரம் அதிர்வில் வையுங்கள். அப்புறம் பழைய மணியை மெதுவாக ஒலிக்கவிடுங்கள். மணி அடித்ததும் மகன் விசில் அடிக்கட்டும், உடனே அவனுக்கு ஒரு கடலை. சிரிக்காதே என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் நிற்குமா? அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். வசவு வந்தால் முகம் மாறாமல் கீரை ஆய்ந்துகொண்டிருங்கள். முதலில் அதிகமாகும், பயப்படாதீர்கள். மிட்டாய் கிடைக்காத பிள்ளை முதலில் குரலைத்தானே உயர்த்தும்?

பீளமேடு_செல்வி:
ஐந்து வாரம் ஆயிற்று, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். முதல் எட்டு ஒன்பது நாள் கொடுமை. போன் இல்லாமலே சொன்னது, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னது. கீரைக்கட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். மூன்றாவது வாரம் ஒரு காலை, மகன் பள்ளிக்குப் போயிருந்தான், போன் அடித்தது. "ஹலோ". கனைப்பு. கண்மணி சுருங்கி விரிந்தது. அப்புறம் விசில். எனக்குக் கை நடுங்கிவிட்டது. இப்போது பத்துக்கு ஏழு தடவை விசில்தான். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து மறுபடி சீரியல் பார்க்கிறார். கனைப்பு கேட்டால் மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறார்.

நெல்லை_துரை:
சந்தோஷம் தங்கச்சி. ஆனால் அந்தக் கனைப்பு இருக்கிற வரைக்கும் வார்த்தையும் உள்ளே இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். பத்துக்கு மூன்று தடவை வருகிறதே, அதற்கு என் துணிதான் பதில்.

சாம்பல்சிறகு:
உள்ளேதான் இருக்கும் அண்ணா, இவை எளிதில் மறப்பதில்லை. நாற்பது ஐம்பது வருடம் வாழக்கூடிய பறவை. என்றைக்காவது ஒருநாள் வந்தே தீரும். அன்றைக்கு யாரும் சிரிக்காமல் இருந்தால் போதும்.

பீளமேடு_செல்வி:
கொடுத்துவிடலாம் என்ற பேச்சைக் கணவர் இப்போது எடுப்பதில்லை. கடலை தீர்ந்துவிட்டது என்று நேற்று அவரே அரைக்கிலோ வாங்கி வந்தார்.

சாம்பல்சிறகு:
அரைக்கிலோவா! தினமும் மூன்று நான்கு பருப்புக்கு மேல் வேண்டாம், கொழுப்பு ஏறிவிடும். உப்புக் கடலை கூடாது. தோலுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.